கைக்காப்பு மரம்: கழற்றுமாறும் பூட்டுமாறும்

(நெரவியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இம்மாதத்துப் பிரசங்கத்திற்குத் துப்பாக்கியைப் பற்றிய விஷயமொன்றை எடுத்துக்கொண்டது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஏரும் வண்டியும், கதவும் தேரும், பாத்திரமும் பணிகலனும் செய்து ஊருக்கு உதவிவரும் நம் வகுப்பாருக்கு யுத்தக் கருவியோடு யாது சம்பந்தம் என்று கேட்போரும் இருக்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதே எமது விடை. ரைபிள் என்னும் துப்பாக்கியானது இரும்பும் மரமும் ஒன்றையொன்று தழுவிநின்று தொழில் செய்யும் ஒரு கருவி. அவ்விரண்டும் எவ்விடத்தில் இணங்குகின்றன, எவ்விடத்தில் பகைக்கின்றன என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர் தச்சரும் கொல்லரும் அன்றி வேறு யாவர்? அன்றியும், நெரவியினின்றும் காரைக்காலின் மற்றைய கொம்யூன்களினின்றும் காவற்படைக்கும் இராணுவத்திற்கும் விண்ணப்பம் செய்யும் வாலிபர்கள் நம்முள் இருக்கின்றனர். அவர்களுக்கு இவ்விஷயம் கைக்கொள்ளத்தக்கது, ஏனையோர்க்கு அறியத்தக்கது.

முதலாவது, கைக்காப்பு என்பது யாது? துப்பாக்கிக் குழலின் கீழ்ப்பக்கத்தைத் தாங்கி நிற்பது கீழ்க்கட்டை. அக்குழலின் மேற்பக்கத்தை மூடி நிற்கும் மெல்லிய மரத்தையே ஆங்கிலத்தில் ஹாண்ட் கார்டு என்பர். பிரெஞ்சு மொழியிலும் இதற்குக் கையைக் காப்பது என்னும் பொருளிலேயே கார்த்-மேன் என்று பெயர். ஆதலின் நாம் இதனைக் கைக்காப்பு என்று வழங்குவது பொருந்தும். குழலினுள்ளே மருந்து எரியுந்தோறும் அதன் வெப்பம் இரும்பிற் பரவுகின்றது. ஐந்தாறு குண்டுகள் அடுத்தடுத்துச் சுட்டபின் குழலை வெறுங்கையாற் பற்றுவது அரிதாகும். 1914-ம் வருஷத்து மகாயுத்தத்திற்கு முன்னரே ஆங்கிலச் சிப்பாய்கள் ஒரு நிமிஷத்திற்குப் பதினைந்து குண்டுகள் குறிபார்த்துச் சுடுமாறு பயிற்றப்பட்டனர். அத்தகைய வேகத்திற்குக் கைக்காப்பு இன்றியமையாததாயிற்று. இதற்கு மற்றொரு பயனும் உண்டு. கோடைக்காலத்துத் தார்ச்சாலையின்மேல் காற்று நெளிவதை நாம் காண்கிறோமன்றோ? சூடேறிய குழலின்மேலும் காற்று அவ்வாறே நெளிந்து குறியை அசையச் செய்யும். மரமூடி அதனையும் ஓரளவு தடுக்கின்றது.

நம் பிரதேசத்திற்கு இவ்விஷயம் முற்றும் புதிதன்று. 1881-ம் வருஷத்து டிக்ரேயின்படி தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பத்தார் பலர் புதுவையிலும் காரைக்காலிலும் இருந்தனர். அவர்களுட் பலரும், பிறரும், பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து தூர தேசங்களிற் சேவித்தனர். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் உயிர்துறந்த பிரெஞ்சிந்தியர்க்காகப் புதுச்சேரிக் கடற்கரையில் 1937-ல் எழுப்பப்பட்ட ஞாபகச் சின்னம் இன்றும் நிற்கின்றது. அந்த யுத்தத்தில் பிரெஞ்சுக் காலாட்படையின் பிரதான ஆயுதமாயிருந்தது 1886-ம் வருஷத்து லெபெல் ரைபிள். அதன் குழல் மேற்பக்கத்தில் மூடப்படாதது. சூடேறிய இரும்பு கைக்கு எட்டும்படியாகவே இருந்தது. பின்னர் 1936-ம் வருஷத்து மாதிரியாய் வந்த மாஸ் ரைபிளில் குழலின்மேல் மரக்காப்பு அமைந்தது. இந்தோசீனாவில் 1946 முதல் 1954 வரை நடந்த யுத்தத்தில் பிரெஞ்சுப் படையினர் மிகுதியும் ஏந்தியது இதுவேயாம். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள பேதத்தைக் கையாலேயே அறிந்தவர்கள் அப்படைகளிற் சேவித்த நம் பிரதேசத்தார்.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதியிலோ 1907-ல் வெளிவந்த லீ-என்பீல்டு ரைபிளே நெடுங்காலம் வழங்கிற்று. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் இது பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. 303 என்று காவலர் வாயில் வழங்குவதும் இதுவே. உத்தரப் பிரதேசக் காவற்படை 2020-ம் வருஷத்துக் குடியரசு தினத்திலேதான் இதற்கு விடைகொடுத்தது என்றால், இதன் ஆயுளை என்னென்பது! இதன் மரம் குழலின் நுனிவரையில் மேலும் கீழும் முழுமையாக மூடியிருக்கும். ஆதலின் கைக்காப்பைக் கழற்றிப் பூட்டும் முறையை விளக்குதற்கு இதனையே உதாரணமாகக் கொள்வோம்.

இனி, மூடிய மரத்தை ஏன் திறக்கவேண்டும்? காக்கும் மரமே மறைக்கும் மரமாகவும் ஆகிவிடுவதனால் என்க. மழையில் நனைந்த துப்பாக்கியின் வெளிப்புறத்தை நாம் துணியால் துடைத்துவிடுகிறோம். மரத்திற்கும் குழலிற்கும் இடையே ஊறிப் புகுந்த நீர் அவ்விடத்திலேயே தங்குகின்றது. காற்றோட்டம் இல்லாமையால் அது எளிதில் உலர்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கடற்கரையில் வீசும் ஈரக்காற்றின் குணம் உங்களுக்குத் தெரியாததன்று. நெரவி, திருமலைராயன்பட்டினம் முதலிய ஊர்களில் ஜன்னற் கம்பியும் கதவின் கீலும் எத்துணை விரைவில் துருவேறுகின்றன! காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதே அதற்குக் காரணம். மேலே பளபளப்பாய் விளங்கும் ரைபிளின் கைக்காப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே குழலின்மேல் செந்துரு பூத்து, இரும்பிற் சிறு சிறு குழிகள் விழுந்திருத்தலைக் காணலாகும். துருவைத் துடைத்துவிடலாம், விழுந்த குழியை நிரப்ப இயலாது.

கழற்றுதற்கு முன் செய்யவேண்டுவது ஒன்று உண்டு. அதனை மறந்தவன் வேறெதனை அறிந்திருந்தும் பயனில்லை. துப்பாக்கியின் வாயை ஆளில்லாத திசையில் நிறுத்தி, குண்டுக்கூட்டைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறையினுள் குண்டு இல்லை என்பதைக் கண்ணாற் பார்த்து, இருட்டாயின் விரலாலும் தடவி அறிதல் வேண்டும். குண்டுகள் வேறோர் இடத்திலும், துப்பாக்கி வேறோர் இடத்திலும் இருக்கவேண்டும். காலி என்று பிறர் சொன்னதைக் கேட்டு நம்புதல் ஒருகாலும் ஆகாது. தன் கையாற் பார்த்ததே பார்த்தது.

இதன்பின் போல்ட்டை எடுத்துவிட்டு, தடித்த துணி விரித்த மேசைமேல் துப்பாக்கியைக் கிடத்துக. திருப்புளியின் நாக்கு திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். பொருந்தாத திருப்புளியால் திருகின் தலை கெட்டால், அடுத்த முறை அதனைக் கழற்றுவது யுத்தமாய் முடியும். முதலில் குழலின் நுனியிலுள்ள மூக்குக் கவசத்தின் திருகுகளை நீக்கி, அக்கவசத்தை நேராக முன்னோக்கித் தளர்த்தி எடுத்தல் வேண்டும். அது இறுகியிருப்பின் பக்கவாட்டில் அசைத்து நெம்பலாகாது. மரத்தின் நுனி பிளந்துவிடும். பின்னர் நடுவிலுள்ள வெளிப்பட்டையின் திருகைக் கழற்றிப் பட்டையை விரித்து நீக்குக. இப்பொழுது முன்கைக்காப்பு தானே மேலெழும். பின்கைக்காப்பு குழலைக் கவ்வி நிற்கும் வில்தகடுகளால் தாங்கப்பட்டிருக்கின்றது. அதனை இரு பக்கமும் சமமாகப் பற்றி மேல்நோக்கித் தூக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தை மாத்திரம் இழுத்தால், பின்புறத்தில் மெலிந்திருக்கும் அதன் ஓரங்கள் நார்வாட்டத்தில் கீறிக்கொள்ளும். நார் ஓடும் வழியை அறிந்த தச்சனுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கைக்காப்போடு நில்லாமல் முழுமரத்தையும் கழற்ற முற்படுவோர் சிலர், தோளிற் பொருந்தும் பின்கட்டையின் நீண்ட போல்ட்டை முதலிலே திருப்பிவிடுவர். லீ-என்பீல்டில் அந்தப் போல்ட்டின் நுனி சதுரமாக அமைந்து, கீழ்க்கட்டையின் பின்புறத்திலுள்ள ஒரு தகட்டிற் பொருந்தி நிற்கின்றது. கீழ்க்கட்டை இருக்கும்போதே அதனைத் திருப்பினால், சதுர நுனி தகட்டைப் புரட்டி மரத்தையே பிளந்துவிடும். ஆகையால் கீழ்க்கட்டையை நீக்கியபின்னரே பின்கட்டையைத் தொடவேண்டும் என்பது விதி. மரம் எளிதிற் பிளக்கும் என்பதை அறிந்தே இஷாப்பூர்த் தொழிலாளர் கீழ்க்கட்டையின் குறுக்கே ஒரு திருகைச் செலுத்திப் பலப்படுத்தினர். ஆஸ்திரேலியாவிலுள்ள லித்கோ தொழிற்சாலையார் தங்கள் நாட்டு மென்மரத்தை உபயோகித்தபோது, அதிர்ச்சி தாங்குமிடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தனர். அக்ரூட் மரத்திற்குப் பழகிய அமைப்பை வேற்று மரத்திற் செய்ய நேர்ந்தபோது கைவினைஞர் கண்ட உபாயங்கள் இவை.

திறந்தபின் செய்யவேண்டியவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். இரும்புக்குரியது ஒன்று, மரத்திற்குரியது மற்றொன்று. குழலின் மேற்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய துரு இருப்பின் எண்ணெயிட்டு மெதுவாக நீக்கி, பின்னர் தாது எண்ணெயை மிக லேசாகப் பூசுதல் போதும். வழியும்படி பூசினால் அது மரத்துள் இறங்கி நாரை மென்மையாக்கும். மரத்திற்கோ ஆளிவிதை எண்ணெயே உரியது. அது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகி, நாரினுள் ஓர் அரணாய் நின்று, ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துகின்றது. வெளிப்புறத்தைக் காட்டிலும் உட்புறத்திற்கே இது அதிகம் வேண்டப்படும். கண்ணுக்குப் படாத அப்புறத்தையே பலரும் மறந்துவிடுகின்றனர். இவ்விரு எண்ணெய்களையும் மாற்றிப் பூசுதல் ஆகாது. இரும்புப் பொறியில் ஆளிவிதை எண்ணெய் இட்டால் அது பிசினாய் இறுகிப் பொறியை ஓடவொட்டாது தடுக்கும். மேலும், ஆளிவிதை எண்ணெயில் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். நீரில் நனைத்தோ, விரித்து உலர்த்தியோ அப்புறப்படுத்துக. தச்சுப் பட்டறையில் மரத்தூளும் சீவலும் குவிந்திருக்கும் நமக்கு இந்த எச்சரிக்கை துப்பாக்கியோடு முடிந்துவிடுவதன்று.

குழலின் உட்புறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய 303 குண்டுகளின் திரிமருந்து எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் ஒருவகை உப்பு குழலினுள் படியும். உப்பு எண்ணெயிற் கரையாது; நீரிற் கரையும். ஆதலால் சுட்டபின் கொதிநீரைக் குழலினுள் ஊற்றிக் கழுவி, சூடு ஆறுமுன் உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இடுவது அக்காலத்து முறை. கொதிநீர் ஊற்றும்போது சிந்துவது கைக்காப்பின் இடுக்கில் இறங்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். உள்ளே சுத்தம் செய்யப்போய் வெளியே துருவை விதைத்தலாகாதன்றோ?

மீண்டும் பூட்டுவது கழற்றியதன் எதிர்முறை. பின்கைக்காப்பு முதலில், முன்கைக்காப்பு இரண்டாவது, வெளிப்பட்டை அதன்பின், மூக்குக் கவசம் கடைசி. வில்தகடுகளை உள்ளங்கையால் சமமாக அழுத்திப் பொருத்துக. சுத்தியலுக்கோ கொட்டாப்புளிக்கோ அங்கே வேலையில்லை. மரம் குழலின்மேல் அழுத்தி உட்காரலாகாது. சூடேறிய குழல் சற்றே நீளும், பருக்கும். அதற்கு இடமில்லாமல் மரம் ஒருபுறம் நெருக்கினால் குண்டு குறிதவறிப் போகும். தொடலாகாத இடத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டு தடையின்றி ஓடுமாயின் அமைப்புச் சரியென்று கொள்ளலாம். திருகுகளை ஒன்றை முற்றும் முறுக்கிவிட்டு மற்றொன்றிற்குச் செல்லாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாக மாறிமாறி முறுக்குதல் நலம். பலவற்றில் கீழ்க்கட்டையிலும் மூக்குக் கவசத்திலும் துப்பாக்கியின் எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றன் உறுப்பை மற்றொன்றிற்கு மாற்றலாகாது என்பதே அதன் பொருள். பத்துத் துப்பாக்கிகளை ஒரே மேசையிற் கழற்றிக் குவிப்பவன் பத்தையும் கெடுப்பான்.

இனி ஒரு விவாதத்திற்கு வருவோம். கைக்காப்பை அடிக்கடி கழற்றுவதே நன்று என்பர் ஒரு சாரார். கழற்றாமல் விடுவதே நன்று என்பர் மற்றொரு சாரார். இரு கட்சியிலும் நியாயம் உண்டு. கழற்றாமல் விட்டால் மறைந்த துரு வளரும். அடிக்கடி கழற்றினாலோ திருகின் மரை தேயும், மரத்தின் துளை தளரும், குழலும் மரமும் தம்முள் அமைந்த பொருத்தம் மாறிக் குறி பிசகும். பழைய ஆங்கில-இந்தியப் படையில் சிப்பாய் தானே மரத்தைக் கழற்றலாகாது என்றும், ஆர்மரர் எனப்படும் ஆயுதப் பணியாளனே கழற்றவேண்டும் என்றும் விதித்திருந்ததன் காரணம் இதுவே. சிப்பாய்க்கு அறிவில்லை என்பதன்று அதன் கருத்து. ஒவ்வொருவரும் தத்தம் திருப்புளியோடு புகுந்தால் எவர் கெடுத்தார் என்று தெரியாமற் போகும். கழற்றுபவன் ஒருவனானால் அவனே பொறுப்பாளியும் ஆவான். ஆதலின் எமது முடிவு இது: குறித்த தவணையிலும், நன்றாக நனைந்தபோதும், உள்ளே பழுதென்று ஐயம் தோன்றியபோதும் அறிந்தவன் கழற்றுக, மற்றைக் காலங்களில் எவரும் கழற்றாதிருக்க. கழற்றியபின் சுடுமைதானத்தில் குறிபார்த்துச் சோதியாமல் அத்துப்பாக்கியைச் சேவைக்கு அனுப்பாதிருக்க. காவற் கடமையில் நிற்பவனுடைய உயிரும், அவன் எதிரில் நிற்கும் குற்றமற்ற வழிப்போக்கனுடைய உயிரும் அச்சோதனையில் அடங்கியிருக்கின்றன.

இக்காலத்தில் மரம் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. அதனால் இவ்வறிவு பழங்கதை ஆயிற்றோ எனின், இல்லை. இந்தியப் படை நெடுங்காலம் ஏந்திய 1ஏ1 ரைபிளில் கைக்காப்பு இரு பாதிகளாகப் பிரிந்து முன்புறத் திருகொன்றால் நிற்பது. அதன்பின் வந்த இன்சாஸ் ரைபிளிற் கைக்காப்பு பிளாஸ்டிக்கினால் ஆயது. ருஷியரது ஏகே வகையில், குறிமேடையின் பக்கத்திலுள்ள ஒரு நெம்பைத் திருப்பினால் மேற்காப்பும் வாயுக்குழாயும் ஒருசேர வெளிவரும். அமெரிக்கரது எம்-16 வகையிலோ வில்லால் இறுகிய ஒரு வளையத்தை ஒருவன் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, மற்றொருவன் கைக்காப்பை வெளியே எடுப்பான். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா? பிளாஸ்டிக் ஈரத்தால் உப்புவதில்லை என்பது மெய்யே. ஆயினும் அதன் அடியிலுள்ள இரும்பு துருப்பிடியாதென்று யாரும் சொல்லவில்லை. அன்றியும், இவ்வகைகளிற் காப்பின் கீழேயே வாயு ஓடும் வழியும் இருத்தலால், அங்கே படியும் கரியை நீக்குதலும் கடமையாயிற்று. தேசீய மாணவர் படையில் நம் பிள்ளைகள் கற்கும் கோல்னா, ஜோட்னா என்னும் பயிற்சி, திறத்தலும் சேர்த்தலும் என்னும் இப்பழைய பாடமேயாகும்.

முடிவாக, நம்மவர் மனத்திற் பதியவேண்டிய இரண்டு சொல்வோம். ஒன்று சட்டத்தைப் பற்றியது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு, துப்பாக்கியைச் செய்தல், விற்றல் முதலியவற்றோடு செப்பனிடுதலையும் லைசென்ஸ் இன்றிச் செய்யலாகாது என்று தடுக்கின்றது. வயற்காவலுக்கு வைத்திருக்கிறேன், கட்டை மாத்திரம் விரிசல் விட்டது, சற்று ஒட்டித் தாருங்கள் என்று ஒருவர் நம் பட்டறைக்குக் கொண்டுவரக்கூடும். தச்சு வேலைதானே என்று தொழிற்பழக்கத்தாலும் தாட்சண்யத்தாலும் கையிலெடுப்பவன், தன்னையும் தன் குடும்பத்தையும் வழக்கிற் சிக்கவைத்துக்கொள்வான். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் செல்லுக என்று சொல்லித் திருப்பி அனுப்புதலே முறை. கூலி போயிற்றே என்று வருந்தவேண்டுவதில்லை, மானம் நின்றது.

மற்றொன்று வாலிபர்களைப் பற்றியது. திருச்சிராப்பள்ளியில் 1966-ல் ஏற்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை நம் நாட்டிற்கு அணித்தேயே இருக்கின்றது. அது 2021-ம் வருஷம் அக்டோபர் முதல் அரசாங்கத்தாரது புதிய கம்பெனியொன்றின்கீழ் நடைபெற்று வருகின்றது. இராணுவத்தில் 1943-ல் தனியாக அமைந்த மின்னியல், இயந்திரப் பொறியியற் படையிலும், மத்தியக் காவற்படைகளிலும் ஆர்மரர் என்னும் உத்தியோகம் உண்டு. அதற்கு வேண்டுவது யாது? பொருந்தும் கருவியை எடுத்தல், கழற்றிய வரிசையை நினைவில் வைத்தல், மறைந்த இடத்தையும் வெளியிடத்தைப்போலவே பேணுதல், தன் வேலைக்குத் தானே பொறுப்பேற்றல் ஆகிய இவையே. இக்குணங்களைப் பட்டறையிற் பெற்ற பிள்ளைகள் தொழிற் பள்ளிச் சான்றிதழையும் பெற்றுவிட்டால், அவ்வுத்தியோகங்களுக்குத் தகுதியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. கைத்திறன் உண்டு, கடிதம் இல்லை என்னும் குறையால் நம் பிள்ளைகள் வாசலில் நிற்றலாகாது. ஆதலின் பெற்றோர், பிள்ளையின் கையில் உளியைக் கொடுக்கும் பொழுதே பள்ளிப் புத்தகத்தையும் விடாது கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். தகுதியிருந்தும் பணமில்லாமையாற் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளின் விஷயத்தைச் சங்கத்தின் காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்திலேயே ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாறும் கோருகிறோம்.